இமேஜ் பேக்அப் திரும்ப ஏறவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்திருக்கிறீர்களா பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆடிட்டர் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. ஆனால் குரலில் பதற்றமே இல்லை. "மாசாமாசம் சிஸ்டம் இமேஜ் எடுத்து வச்சிருக்கேன் சார். புது எஸ்எஸ்டியும் வாங்கிட்டேன். வந்து ஏத்திக் கொடுத்தா போதும்."

போனேன். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இமேஜ், அதாவது விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாம் அடங்கிய முழு நகல், பத்திரமாக இருந்தது. ஏற்றச் சொன்னால், சிஸ்டம் டிஸ்க்கை மீட்க ஏற்ற டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நின்றது. கீழே 80042412 என்று முடியும் ஒரு பிழை எண். நண்பர் முகம் வாடிவிட்டது. "இமேஜ் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. நான் பார்த்தவரையில் பெரும்பாலும் இமேஜில் கோளாறு இருப்பதில்லை. அதை ஏற்றும் இடத்திலோ ஏற்றும் முறையிலோதான் எதாவது ஒத்துப்போகாமல் இருக்கும். இவர் விஷயத்தில் பழைய டிஸ்க் 1 டிபி, புது எஸ்எஸ்டி 500 ஜிபி. "உள்ளே இருந்ததே 120 ஜிபிதானே, தாராளமாகக் கொள்ளுமே" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் விண்டோஸின் சொந்த இமேஜ் கருவி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பழைய டிஸ்க்கின் மொத்த அளவைத்தான் பார்க்கிறது. 1 டிபி டிஸ்க்கில் 100 ஜிபிக்கு ஒரே ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) வைத்திருந்தாலும், மீட்கும்போது 1 டிபிக்குக் குறையாத டிஸ்க் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டியே சொல்கிறது.

இதில் இன்னொரு கண்ணி. 512 ஜிபி எஸ்எஸ்டியில் எடுத்த இமேஜை 500 ஜிபியிலோ 480 ஜிபியிலோ போட முடியாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றில்லை. 1 டிபி என்று விற்கும் எஸ்எஸ்டிகளிலும் 1000 ஜிபி உண்டு, 1024 ஜிபி உண்டு. வாங்கும் முன் பழைய டிஸ்க்கின் லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு ஒரு சுற்றுவழி இருக்கிறது: ஒரு 1 டிபி டிஸ்க்கை இரவல் வாங்கி அதில் இமேஜை ஏற்றி, சி டிரைவைச் சுருக்கி, அப்புறம் டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் க்ளோன் மென்பொருள் ஒன்றால் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது. அன்று அப்படித்தான் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

அடுத்தது, ஆளைக் குழப்புவதில் முதலிடம் பிடிக்கும் செய்தி: "வேறு ஃபர்ம்வேர் உள்ள கம்ப்யூட்டரில் இந்த இமேஜை மீட்க முடியாது." அதே கம்ப்யூட்டர், அதே மதர்போர்டு, எங்கிருந்து வந்தது வேறு ஃபர்ம்வேர்? கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்தான் ஃபர்ம்வேர்; அது பழைய லெகசி, புதிய யூஇஎஃப்ஐ என்று இரண்டு முறைகளில் தொடங்கும். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் ஒரே மீட்புப் பென் டிரைவ் (விண்டோஸ் ஓடாதபோது கம்ப்யூட்டரைத் தொடங்க உதவுவது) இரண்டு வரிகளில் தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருந்ததோ அந்த வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் மேலே இருக்கும் வரியில் என்டரைத் தட்டிவிடுகிறோம், வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியில் லெகசி என்று இருக்கிறதா யூஇஎஃப்ஐ என்று இருக்கிறதா பாருங்கள். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டிஸ்க்கின் மொத்த அளவையும் சேர்த்து, எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மீட்கும் திரை இமேஜையே காணோம் என்று சொன்னால், பெரும்பாலும் காரணம் நம் ஒழுங்குப் பழக்கம். விண்டோஸ் இமேஜ் பேக்அப் என்ற மூன்று சொற்களும் ஒட்டி எழுதப்பட்ட ஃபோல்டர், டிஸ்க்கைத் திறந்தவுடன் முதல் மட்டத்திலேயே இருக்க வேண்டும். அதை "ஆபீஸ் பேக்அப் மார்ச்" என்று இன்னொரு ஃபோல்டருக்குள் அழகாக அடுக்கி வைத்தால், கருவி உள்ளே நுழைந்து தேடாது. உள்ளே கம்ப்யூட்டர் பெயரில் இருக்கும் ஃபோல்டரின் பெயரையும் மாற்றக் கூடாது. நெட்வொர்க் ஃபோல்டரில் சேமிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அங்கே கடைசியாக எடுத்த இமேஜ் ஒன்றுதான் நிற்கும், முந்தையது அழிந்துவிடும்.

புதிய லேப்டாப்களில் வேறொரு தலைவலி. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கும். அதற்கான டிரைவர் மீட்புப் பென் டிரைவில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை (இன்டெல் ஆர்எஸ்டி) இறக்கி, ஜிப்பைப் பிரித்துப் பென் டிரைவில் வைத்து, மீட்கும்போது லோட் டிரைவர் கொடுத்தால் தெரிந்துவிடும். பலரும் இதற்குப் பதில் பயாஸில் போய் விஎம்டியை அணைத்துவிடுகிறார்கள். டிஸ்க் தெரியும், இமேஜும் ஏறும், ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது நீலத் திரை வரலாம். அந்த இமேஜில் இருப்பது விஎம்டியோடு பழகிய விண்டோஸ்.

இதுவரை சொன்னவற்றில் நேரம்தான் போகும். இனி சொல்வதில் தகவலே போகும். மீட்கும்போது டிஸ்க்குகளை ஃபார்மேட் செய்து பார்ட்டிஷனை மாற்றி அமைக்கும் ஒரு தேர்வு வரும், சில நேரம் அது நம்மால் எடுக்க முடியாதபடி டிக் ஆகியே இருக்கும். பக்கத்திலேயே எக்ஸ்க்ளூட் டிஸ்க்ஸ் என்று ஒரு பட்டன். அதைத் தொடாமல் மேலே போனால், கல்யாண போட்டோக்கள் இருக்கும் இரண்டாவது டிஸ்க்கும் துடைக்கப்படலாம். அந்தப் பட்டியலில் எது எந்த டிஸ்க் என்று குழம்பிவிடலாம். பட்டனை நம்புவதைவிட, ஏற்ற வேண்டிய டிஸ்க்கையும் இமேஜ் இருக்கும் டிஸ்க்கையும் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிளையும் கழற்றிவிடுவதுதான் என் வழக்கம்.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கையில் இருக்க வேண்டும், அதே கம்ப்யூட்டருக்குள் அல்ல. இமேஜை ஏற்றிய பிறகு சி டிரைவ் பூட்டில்லாமல் இருக்கும், மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

மீட்புப் பென் டிரைவை எப்போதோ செய்து டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் தவறுதான். மாதம் ஒரு முறை வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அதிலிருந்து பூட் செய்து, இமேஜ் தெரியும் திரை வரை போய்ப் பார்த்துவிட்டுக் கேன்சல் கொடுங்கள். அப்டேட்டுகளும் இந்த இடத்தில் விளையாடும். 2025 அக்டோபர் 14-இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, மீட்புத் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. ஒரு வாரத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அந்த நாட்களில் மீட்க உட்கார்ந்தவர் பாடு என்ன? இந்த இமேஜ் கருவியையே மைக்ரோசாஃப்ட் 2017-இல் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டு, வேறு நிறுவன மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டது. இன்னும் கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 பெயரோடு உட்கார்ந்திருக்கிறது, அதனால் பலரும் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

எல்லாமே கைவிட்டாலும் இமேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கோப்புகள் விஹெச்டிஎக்ஸ் வகை. ஓடுகிற வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அட்டாச் விஹெச்டி கொடுத்து, ரீட் ஒன்லியை டிக் செய்தால் அது ஒரு டிரைவாகத் திறந்துகொள்ளும். டபுள் கிளிக் செய்தாலும் திறக்கும், ஆனால் அப்போது உள்ளே எழுதவும் அனுமதி கிடைத்துவிடும், இமேஜ் மாறிப்போகலாம்.

ஆடிட்டர் ஆபீஸில் அன்று நான் முதலில் செய்ததும் இதுதான். அவருடைய லேப்டாப்பில் இமேஜைத் திறந்து, டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கம்பெனிப் பட்டியல் திரையில் வந்ததும்தான் மனிதர் எழுந்துபோய் எனக்குக் காபி சொன்னார்.