படல் மாற்றும் கணக்கு

காங்கயம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, ஒட்டினாப்பல கொஞ்சம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), இருபது செம்மறி. கிணற்றுத் தண்ணி இல்லை. மழை பெய்தால் சோளத்தட்டு, கூடவே கொள்ளு. இந்த மாதிரிக் காட்டுக்கு, ராத்திரி ஆட்டைப் படலுக்குள் (தூக்கி மாற்றுகிற தட்டி வேலி) அடைத்துப் பட்டி போடுவதைவிட நல்ல உரம் எனக்குத் தெரியாதுங்க. ஆனால் எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் வருசம் ராத்திரி நாய்க்குப் பயந்து, வீட்டை ஒட்டியே படலை நிறுத்தினேன். அங்கே சோளம் மிதமிஞ்சி வளர்ந்து காற்றில் சாய்ந்துவிட்டது. மேற்கு மேட்டில், மண் வெளிறின இடத்தில், தட்டு முழங்கால் உயரம்கூட வரவில்லை. மேலே நின்று பார்த்தால் படல் நின்ற கட்டம் கட்டமாகக் கரும்பச்சை தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது.

கணக்கு இதுதான்: ஓர் ஆட்டுக்கு ஒரு சதுர மீட்டர். இருபது ஆட்டுக்கு அரை சென்ட். தினம் படலை மாற்றினால் ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதத்தில் 45 சென்ட் தேறும். முழுக்காட்டுக்கும் ஆசைப்படாதீங்க. போன வெள்ளாமையில் தட்டு குட்டையாக நின்ற இடத்தை முதலில் எடுங்க.

விடிந்து ஆட்டைக் கொறங்காட்டுக்கு ஓட்டினதும், வெயில் ஏறும் முன்னே மம்பட்டியால் மேல்மண்ணைக் கொத்திப் புழுக்கையை மூடணும். மூக்கைக் கரிக்கிற அந்த மூத்திர நெடி பயிருக்குப் போகவேண்டிய சத்து. திறந்து கிடந்தால் காற்றோடு போய்விடும். ஆடு சீமைக்கருவேலங்காய் தின்றிருந்தால் புழுக்கையோடு விதையும் விழுந்து முளைக்கும். விரல் நீளத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுங்க.

அப்புறம் உழவு. டிராக்டர்க்காரர் திருப்பம் குறையட்டும் என்று சரிவோடு நீளவாக்கில் ஓட்டப் பார்ப்பார். கூடவே நின்று குறுக்கே ஓட்டச் சொல்லுங்க. சரிவோடு உழுத சால் ஒவ்வொன்றும் வாய்க்கால்தான். பெருமழைக்கு நாம் போட்ட புழுக்கை செந்தண்ணியோடு இட்டேரித் தடத்துக்குப் போய்ச் சேரும். மழை விட்டதும் பொழியோரம் (வரப்போரம்) ஒரு நடை நடந்து, எங்கே உடைத்துக்கொண்டு ஓடுகிறதென்று பார்த்து அன்றைக்கே மண் அணைத்துவிடணும்.

ஆவணிக் கடைசியில் படல் நின்ற இடத்தில், பொழியில் ஒரு கல் நட்டு வையுங்க. அடுத்த ஆனியில் அந்தக் கல்லுக்கு அப்பால் முதல் படல்.