கிராமத்துக்குச் சாலையா, ரயிலா: வாதத்துக்குத் தயாராவது எப்படி?

ஊரகப் பகுதிகளில் அரசுப் பணத்தைச் சாலை மேம்பாட்டுக்குச் செலவிடுவதா, ரயில் பாதைக்குச் செலவிடுவதா என்ற கேள்வி கல்லூரிப் பட்டிமன்றங்களிலும் கிராம சபைக் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே விதமாகக் கெட்டும் போகிறது. ஓர் அணி ஜன்னலோர ரயில் பயணத்தின் இனிமையைப் பேசும், எதிரணி ஆம்புலன்ஸ் சேற்றில் சிக்கிய கதையைச் சொல்லும், கைதட்டலோடு கூட்டம் கலையும். பணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் நின்று வாதாடுவதானாலும் எப்படித் தயாராக வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, 'கிராமம்' என்ற பொதுச் சொல்லை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட தடத்தைப் பிடித்துக்கொள்வது. திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி செல்லும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பாதையையும், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் 90 கிலோமீட்டர் பாதையையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் மீட்டர் கேஜாக (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட குறுகலான பாதையாக) இருந்து அகலப் பாதையானவை; இரண்டிலும் ரயில் இல்லாத ஆண்டுகளில் சாலைதான் எல்லாவற்றையும் சுமந்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தடம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்தத் தலைப்பில் பேசுபவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி ரயில்வே ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது; தேசிய நெடுஞ்சாலை நீங்கலான சாலைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 2017 முதல் ரயில்வே நிதிநிலை அறிக்கை பொது நிதிநிலை அறிக்கையோடு இணைக்கப்பட்டுவிட்டாலும் அந்தப் பணத்தைச் செலவிடுவது ரயில்வேதான். ஆகவே ஓர் ஊராட்சி, 'எங்களுக்கு ரயில் வேண்டாம், அந்தப் பணத்தில் சாலை போட்டுக் கொடுங்கள்' என்று தீர்மானம் போட்டால், ரயிலும் வராது, அந்தப் பணமும் வராது. கர்நாடகம் போன்ற மாநிலங்கள் சில புதிய பாதைகளின் செலவில் பாதியை ஏற்றுக்கொள்கின்றன. அப்படி மாநிலம் பங்கு போடும் இடத்தில்தான் 'இதுவா, அதுவா' என்பது உண்மையான கேள்வியாகிறது. அதுபோல 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் செலவைப் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்வதால், அந்தச் சாலைகளையும் மாநிலச் செலவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எதிரணி ஒன்றியப் பணத்தையும் மாநிலப் பணத்தையும் கலந்து பேசினால், 'நீங்கள் சொல்லும் ரூபாய் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது?' என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

மூன்றாவதாக, கிலோமீட்டர் கணக்கைப் போடுங்கள். ஆனால் அதை நம்பி ஏமாறாதீர்கள். மதுரை–தேனி 75 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு 500 கோடி ரூபாய்க்கும் மேல் ஆனது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டருக்கு 294 கோடி ஆனது; அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி. 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் மதிப்பீடு 10,000 கிலோமீட்டருக்கு 4,000 கோடி. அதாவது கிலோமீட்டருக்கு 40 லட்சம். ஒரு கிலோமீட்டர் ரயில் பாதைக்கு ஆகும் பணத்தில் இருபது கிலோமீட்டர் கிராமச் சாலை போடலாம் என்று சாலை அணி மேசையைத் தட்டும்போது, ரயில் அணி அமைதியாக ஒன்றைக் கேட்க வேண்டும்: வயலோரத்துச் சிறிய தார்ச் சாலையோடு மாவட்டங்களை இணைக்கும் ரயில் பாதையை ஒப்பிடலாமா? ரயிலுக்கு நிகராக வைக்க வேண்டியது அதே இரண்டு ஊர்களை இணைக்கும் இருவழி நெடுஞ்சாலை. கிராமச் சாலைக்கு ரயில் போட்டியே அல்ல. அந்தச் சாலை இல்லாவிட்டால் ரயில் நிலையத்துக்கே போய்ச் சேர முடியாது. அதே சமயம், மேலே சொன்ன ரயில் தொகைகள் ஏற்கெனவே நிலம் இருந்த பாதைகளுக்கானவை, புதிய பாதை என்றால் நிலம் எடுக்கும் செலவும் வழக்குகளும் சேரும் என்று சாலை அணி திருப்பி அடிக்கலாம். அது நியாயமான அடி.

அறிவிப்புக்கும் பணத்துக்கும் உள்ள தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரயில்வேயின் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பது 'பிங்க் புக்' எனப்படும் ஆவணத்தில் இருக்கும். தமிழ்நாட்டுப் புதிய பாதைகள் சிலவற்றுக்குச் சில ஆண்டுகளில் அதில் 1,000 ரூபாய் மட்டும் ஒதுக்கப்பட்டிருந்தது. திட்டத்தின் பெயர் அழியாமல் இருக்கட்டும் என்பதற்காக வைக்கும் தொகை அது. அதில் தண்டவாளத்தின் ஒரு போல்ட்டுக்கு மேல் வாங்க முடியுமா என்பது சந்தேகம். மதுரை–போடி பாதையில் 2010ஆம் ஆண்டின் முடிவோடு ரயில் நின்றது. 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் என்பது, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ரயிலைப் பார்க்காமலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும் காலம்.

பராமரிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் நின்று பேசுங்கள், ஏனெனில் ரயில் அணிக்கு வலுவான வாதம் இங்கேதான் கிடைக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகள் அமைத்து, லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த விதி, சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் (வண்டியின் ஓர் அச்சு வழியாகச் சாலையில் இறங்கும் எடையின்) நான்காம் அடுக்கைப் போல உயர்கிறது என்பது. சுமை இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு, நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. சுமை கூடியது 13 விழுக்காடுதான். அதே விதிப்படி சேதம் கூடுவது 60 விழுக்காட்டுக்கும் மேல். பைக்கிலும் காரிலும் போகிறவர் தேய்க்காத சாலையை டிப்பர் லாரி தேய்க்கிறது. ஆகவே வேதாரண்யத்து உப்பு அகஸ்தியம்பள்ளியிலிருந்து சரக்கு ரயிலில் போனால், அந்த அளவுக்குச் சாலையின் ஆயுளும் நீள்கிறது என்று ரயில் அணி சொல்லலாம். சாலை அணி உடனே, கல்குவாரியிலிருந்து வீடு கட்டும் இடத்துக்கு ஜல்லியை எந்த ரயில் கொண்டுபோகும் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவர்கள் தயாராகவில்லை என்று பொருள்.

பாதை போடுவது ஒன்று, அதில் வண்டி ஓட்டுவது வேறு. திருவாரூர்–காரைக்குடி அகலப் பாதை 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது, சாலை குறுக்கிடும் இடங்களில் உள்ள கேட்களில் வேலை செய்ய ஆள் இல்லை. அதனால் டெமு எனப்படும் டீசல் பயணிகள் ரயிலிலேயே கேட் கீப்பர்கள் பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார். ரயில் மெல்லக் கடந்து மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது. கோடிக்கணக்கில் செலவிட்ட பாதை, சில நூறு பேரின் சம்பளத்துக்கு வழியில்லாமல் நொண்டியது. இந்தக் காட்சியை மேடையில் விவரித்தால் எந்த அணிக்கும் உதவும்: ரயில் அணி 'பாதை தோற்கவில்லை, ஆள் நியமனம்தான் தோற்றது' என்று சொல்லலாம், சாலை அணி 'ஆள் இல்லாமலும் சாலையில் போகலாம்' என்று சொல்லலாம்.

மானியப் பேச்சு கட்டாயம் வரும். முன்பதிவு டிக்கெட்டில், பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காட்டைத்தான் ரயில்வே திரும்பப் பெறுகிறது என்று அச்சிட்டிருப்பார்கள். அதைச் சாலை அணி கையில் பிடித்துக் காட்டும். பேருந்து டிக்கெட்டில் அந்தச் சாலையைப் போட ஆன செலவு அச்சிடப்படுவதில்லை என்பதுதான் அதற்குப் பதில். 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கூலி வேலைக்கோ சந்தைக்கோ போகும் பெண்ணுக்கு இன்று ரயிலைவிட வாசலில் நிற்கும் பேருந்தே மலிவு.

புள்ளிவிவரத்துக்கு இணையத்தை மட்டும் நம்ப வேண்டாம். உங்கள் நிலையத்தில் ஒரு மாதத்தில் எத்தனை டிக்கெட் விற்றது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ரயில்வே கோட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். சாலைக்கு நீங்களே கணக்கெடுக்கலாம்: ஒரு வேலை நாளிலும் ஒரு சந்தை நாளிலும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து, பைக், ஆட்டோ, பேருந்து, டிப்பர் எனத் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். மேடையில் அந்தக் கசங்கிய நோட்டுப் பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு எந்த அறிக்கைக்கும் இருக்காது.

பேசப் போவது பட்டிமன்றத்தில் அல்ல, கிராம சபையில் என்றால், 'சாலையே சிறந்தது' அல்லது 'ரயிலே சிறந்தது' என்று தீர்மானம் எழுதுவதில் பயனில்லை. மனு எந்த அலுவலகத்துக்குப் போகிறதோ அந்த அலுவலகத்தால் செய்யக்கூடியதை மட்டும் எழுதுங்கள். நிலையத்துக்குப் போகும் இணைப்புச் சாலையை அகலப்படுத்துவது சாலையை வைத்திருக்கும் துறைக்கு. காலை வண்டியைக் கல்லூரி நேரத்துக்கு ஏற்ப முன்னால் நகர்த்துவது ரயில்வே கோட்டத்துக்கு. வண்டி வரும் நேரத்தில் நிலையத்துக்கு ஒரு பேருந்து விடுவது போக்குவரத்துக் கழகத்துக்கு. கேட்டை எடுத்துவிட்டுக் கட்டிய சுரங்கப்பாதையில் மழைக்கு இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்றால், தண்ணீரை வெளியேற்றும் பொறுப்பு ரயில்வேக்கா ஊராட்சிக்கா என்று ஒருவரை ஒருவர் காட்டுவார்கள். அந்த மனுவை மட்டும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.