மாரிக்கு முன் அலுமாரி

திருகோணமலையில் மாரிமழை தொடங்குமுன், வெயில் எறிக்கும் நாளாகப் பார்த்து அலுமாரியைக் காலி செய்யுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அடியில் கிடக்கும் உடுப்புத்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கினால் அக்குள் இறுக்குகிறதா? சரி, கொடுத்துவிடுங்கள். "மெலிஞ்சதும் போடலாம்" என்று அக்கா வைத்திருக்கும் சட்டைகளைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

பட்டுச்சேலையில் மட்டும் அவசரம் வேண்டாம். விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மடிப்போரம் நூல் விட்டிருந்தால் இனிக் கட்ட உதவாது. நல்ல பகுதியை வெட்டிப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கலாம். நல்ல சேலையை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. பழைய சாறம் அருமையான துடைதுணி.

கொடுப்பதைத் தோய்த்து, பொத்தான் தைத்து, அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்புங்கள். இல்லாவிட்டால் திரும்பவும் அலுமாரிக்குள் ஏறிவிடும்.