பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டும் முன்

தீபாவளிக்கு வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? டர்பன் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடு என்றால், கதவு ஜன்னல்களின் அடிப்பூச்சில் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்ததே 2009இல்தான்.

உரியாத பூச்சைச் சுரண்டவே வேண்டாம்; துடைத்துவிட்டு மேலேயே அடிக்கலாம். தொல்லை ஜன்னலில்தான். திறந்து மூடும்போது சட்டம் உரசித் தூள் விழும். குழந்தை அதில் கைவைத்து விரலைச் சூப்பும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் சுமார் பத்தில் ஒரு பங்கை ஏற்கும், சிறு குழந்தையின் உடல் பாதி வரை ஏற்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளை என்றால் இன்னும் மோசம்.

சுரண்டியே ஆகவேண்டுமா? உலர்ந்த உப்புத்தாள், தேய்க்கும் மெஷின், நெருப்பு மூன்றும் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திர சோப்பும் கலந்து, நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். தரையில் கெட்டி பிளாஸ்டிக்கை 2 மீட்டர் வரை விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது, நுண்தூளைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 (FFP3) மாஸ்க் வாங்குங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும்.

முடிந்ததும் பிளாஸ்டிக்கை உள்பக்கமாகச் சுருட்டிக் கட்டுங்கள். துடைப்பம் தூளைக் கிளப்பும், சாதாரண வாக்யூம் கிளீனர் அதைப் பின்பக்கம் ஊதிவிடும். ஆகவே சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி வைத்து ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

குழந்தை ஏற்கெனவே அந்தத் தூளில் விளையாடியிருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.