மிளகாய்ச் செடியில் இலைச் சுருட்டை: எனக்குப் பலன் தந்த வழி

விதை போட்டு வளர்த்த மிளகாய் நாற்றுகள் தொட்டிக்கு மாற்றும்வரை செழிப்பாகத்தான் இருந்தன. அதற்குப் பிறகு கொழுந்து சுருண்டு, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. உரம் போதவில்லை என்றார்கள். அடி இலைகள் நல்ல பச்சையாக இருந்ததால் எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஒரு கொழுந்தைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தட்டினேன். வைக்கோல் நிறத்தில், ஊசிமுனை போன்ற பூச்சிகள் ஊர்ந்தன. இலைப்பேன்! இலை ஓரம் மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இதுதான். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் பாருங்கள்.

மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினேன். 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி தெளித்தேன். முட்டைகள் இலைத் திசுவுக்குள் இருப்பதால் ஒரு தெளிப்பில் தீராது. வாரம் ஒருமுறை தொடர்ந்தேன்.

சுருண்ட பழைய இலை நிமிராது. புதுத் தளிர் விரிந்து வந்ததைப் பார்த்துத்தான் நிம்மதியானேன். சுருளோடு மஞ்சள் தேமலும் சேர்ந்து, செடி குட்டையாகிப்போனால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.