மலைக்காட்டில் 'அதை'ப் பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னால்: முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

உத்தராகண்ட் பக்கம் மலையேறிவிட்டு டெல்லி திரும்பும் நம்ம ஆட்களில் வருஷத்துக்கு ஒருத்தராவது என்னிடம் ஒரே மாதிரியான கதையோடு வருகிறார்கள். இருட்டுகிற நேரம், தேவதாரு காடு, ஐம்பது அடி தூரத்தில் கறுப்பாக ரெண்டு காலில் நிற்கிற ஏதோ ஒன்று. ஆள் மாதிரி இருந்தது, ஆனால் ஆள் இல்லை. சொல்லி முடித்ததும் கூட இருப்பவர்கள் ஒன்று சிரிக்கிறார்கள், இல்லையென்றால் "யெட்டிதான்!" (இமயமலையில் இருப்பதாகச் சொல்லப்படும் பனிமனிதன்) என்று கூத்தாடுகிறார்கள். ரெண்டுமே பார்த்தவருக்குச் செய்கிற அநியாயம். அவர் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார், அது என்ன என்பதற்கான தடயம் அடுத்த ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எல்லாரும் பத்திரமான இடத்துக்கு வாருங்கள். அது எதுவாக இருந்தாலும் சரி, பின்னாடியே போய்ப் பார்க்காதீர்கள். கார்வால், குமாவுன் காடுகளில் இமயமலைக் கருங்கரடி உண்டு, மோப்பம் பிடிக்கவும் சுற்றிப் பார்க்கவும் அது பின்னங்காலில் எழுந்து நிற்கும், நின்றால் கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம் வரும். ஓடாதீர்கள். மரத்தில் ஏறித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், அது உங்களைவிட நன்றாக ஏறும். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, கூட்டமாகச் சேர்ந்து கீழே இறங்குங்கள்.

அப்புறம் கேட்கிற வேலை. இதில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது.

நான் 2001 மே மாதத்தில் மயூர் விஹாரில் ஒன்பது வயதுப் பையன். மின்வெட்டு, புழுக்கம், எல்லாரும் மொட்டை மாடியில் பாய் போட்டுத் தூங்கிய நாட்கள். காஜியாபாத் பக்கம் கிளம்பிய 'கறுப்புக் குரங்கு மனிதன்' பேச்சு சில நாளில் யமுனைக்கு இந்தப் பக்கம் கிழக்கு டெல்லி முழுக்கப் பரவியது. ஒருத்தர் நாலடி என்றார், இன்னொருத்தர் ஆளைவிட உயரம் என்றார். தலையில் ஹெல்மெட், இரும்பு நகம், சிவப்புக் கண் என்று ஒவ்வொரு ராத்திரியும் அதற்கு ஒரு உறுப்பு கூடியது. போலீசுக்கு நூற்றுக்கணக்கில் போன் போனது, படம் வரைந்து வெளியிட்டார்கள், 50,000 ரூபாய் பரிசு அறிவித்தார்கள். பயத்தில் மாடியிலிருந்து விழுந்து செத்தவர்களும் உண்டு. கடைசியில் தடயவியல்காரர்களும் மனநல மருத்துவர்களும் விசாரித்து, அப்படி ஒரு பிராணி இல்லை என்று சொன்னார்கள். ஆனால் ஒரு ராத்திரி பக்கத்து மாடியில் யாரோ கத்தியபோது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று தாவியதை நானும் பார்த்தேன். இன்றைக்கும் அந்தக் காட்சி கண்ணில் இருக்கிறது. அங்கே இருந்தது கறுப்புத் தொட்டி மட்டும்தான் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. பெயர் முதலில் காதில் விழுந்தது, உருவம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அதனால் பார்த்தவரிடம் நீங்கள் பெயர் எதுவும் எடுத்துக் கொடுக்காதீர்கள். "குரங்கு மாதிரியா இருந்தது?" என்று கேட்டால் அது குரங்காகிவிடும், "கரடியா?" என்றால் கரடியாகிவிடும். "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், நடுவில் அவர் நிறுத்தினாலும் நிறுத்தட்டும். ரெண்டு பேர் பார்த்திருந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்னாடியே தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். போனில் குரலைப் பதிவு பண்ணுங்கள், சம்மதம் கேட்டுவிட்டு. ஒரு தாளில் அவரையே படம் வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது: மணி என்ன, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை விநாடி பார்த்தார், முன்னாடி செடி மறைத்ததா, அது நின்றதா நடந்ததா, போகும்போது ரெண்டு காலில் போனதா நாலு காலில் இறங்கியதா, வால் தெரிந்ததா, நெஞ்சில் வெளுப்பு இருந்ததா (கருங்கரடிக்கு அங்கே 'வி' போல ஒரு வெள்ளைப் பட்டை உண்டு), சத்தம், வாடை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். இருட்டும் நேரத்தில் நிறம் சரியாகத் தெரியாது, பழுப்பும் கறுப்பாகத்தான் இருக்கும். சத்தத்தையும் ரொம்ப நம்ப வேண்டாம். டெல்லியில் அரசு அலுவலகங்கள் இருக்கும் பகுதியில் குரங்குகளை விரட்ட, லங்கூர் (கறுப்பு முகமும் நீண்ட வாலும் உள்ள குரங்கு) மாதிரிக் குரல் கொடுக்கும் ஆட்களையே 2014 வாக்கில் வேலைக்கு வைத்தார்கள் என்றால், கேட்ட குரலை வைத்து உருவத்தை முடிவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

இன்னொன்று நம்மைப் போல டெல்லியில் இருக்கும் தமிழர்களுக்கு. மலையில் பார்த்தவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவர் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், தமிழில் மாற்றி எழுதாதீர்கள். பந்தர் என்றால் செம்முகக் குரங்கு, லங்கூர் என்றால் வேறு, நமக்கு ரெண்டும் குரங்குதான். பாலு என்றோ ரீச் என்றோ சொன்னால் கரடி. வன்மானுஷ் என்று சொன்னால்தான் கஷ்டம். ஹிந்தியில் அது வாலில்லாக் குரங்கையும் குறிக்கும், காட்டு மனுஷனையும் குறிக்கும். நீங்கள் 'மனிதக் குரங்கு' என்று எழுதிவிட்டால் பாதிக் கதை அங்கேயே மாறிவிடும். இந்தியக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டும்தான், அதுவும் வடகிழக்கில், மூன்றடிகூட வராது. 'பைஜி' என்று கூப்பிட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க என்ன பேர் சொல்வீங்க இதுக்கு?" என்று கேளுங்கள், அந்தச் சொல்லே பெரிய தகவல்.

உயரம், தூரம் ரெண்டையும் வாயால் சொன்னதை வைத்து எழுத வேண்டாம். இது மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் முடியாது: அடுத்த நாள் பகலில், ரெண்டு மூன்று பேராக, பார்த்த இடத்துக்கே போங்கள். பார்த்தவர் தான் நின்ற இடத்தில் நிற்கட்டும், இன்னொருத்தர் அந்த உருவம் நின்ற இடத்தில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், "இன்னும் மேலே, கொஞ்சம் கீழே" என்று அவர் சொல்கிற இடத்தில் கம்பில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். எட்டடி என்று சத்தியம் பண்ணியவர் அஞ்சரை அடியில் "போதும்" என்று சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். பொய் சொன்னார் என்று அர்த்தம் இல்லை. பயத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

கால்தடம் இருந்தால் மிதிக்காமல் நில்லுங்கள். பையில் 500 ரூபாய் நோட்டு இருக்கும், அதன் நீளம் சரியாக 15 செ.மீ., அகலம் 6.6 செ.மீ. தடத்துக்குள் போடாமல் பக்கத்தில் வைத்து, நேர் மேலேயிருந்து ஒரு படம், அப்புறம் டார்ச்சைத் தரையோடு பக்கவாட்டில் பிடித்து ஒன்று (மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும்). ஒரு தடத்தோடு நிறுத்தாதீர்கள், வரிசையாக அஞ்சாறு எடுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 1951இல் எரிக் ஷிப்டன் என்ற பிரிட்டிஷ் மலையேற்றக்காரர் இமயமலையின் மென்லுங் பனிப்பாறையில் எடுத்த 'யெட்டித் தடம்' படத்தை இன்றைக்கும் பேசுகிறார்கள் என்றால், தடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கோடரியை வைத்து எடுத்ததும் ஒரு காரணம், அளவு தெரிகிறது.

தடத்தைப் பார்க்கும்போது ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். கரடி நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்திலேயே பின்கால் விழலாம், அப்போது ரெண்டும் சேர்ந்து ஒரே நீளமான 'மனுஷப் பாதம்' போல ஆகிவிடும். விரல்களைப் பாருங்கள்: நமக்குப் பெரிய விரல் உள்பக்கம், கரடிக்குப் பெரியது வெளிப்பக்கம், விரலுக்கு முன்னாடி நகம் குத்திய புள்ளியும் இருக்கலாம். பனியில் என்றால் இன்னும் கவனம். வெயில் பட்டு ஓரம் உருகினால் தடம் விரிந்துகொண்டே போகும். 2019 ஏப்ரலில் நேபாளத்தின் மகாலு மலை முகாம் அருகே யெட்டியினுடையதைக் கண்டதாக நம் ராணுவம் வெளியிட்ட தடம் 32 அங்குல நீளம், 15 அங்குல அகலம். பனியில் கிடைக்கும் அளவை அப்படியே பாதத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மண்ணில் பதிந்த தடத்தை அச்சு எடுக்கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும், சுற்றி அட்டையில் வளையம் வைத்து ஊற்றி அரை மணி நேரமாவது விட வேண்டும். பனியில் மட்டும் ஊற்றாதீர்கள், அது இறுகும்போது சூடாகும், தடமே கரைந்துவிடும்.

முடி, சாணம் கிடைத்தால் கை வைக்காதீர்கள், வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள். கரடி பாதுகாக்கப்பட்ட விலங்கு, 1972ஆம் வருஷ வனவிலங்குச் சட்டத்தில் நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடும். படம் எடுத்து இடத்தைக் குறித்து வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் சொல்லுங்கள். முடி பேசும் அளவுக்கு வேறு எதுவும் பேசாது. மேகாலயாவின் காரோ மலையில் 'மாண்டே புருங்' என்று சொல்லப்படும் உருவத்தினுடையது என்று 2008இல் சோதனைக்கு அனுப்பிய முடி, கோரல் என்கிற மலையாட்டு வகை விலங்கினுடையதாக முடிந்தது. 2017இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில் யெட்டியினுடையவை என்று பாதுகாத்து வைத்திருந்த எலும்பு, பல், தோல், முடி என ஒன்பது மாதிரிகளைப் பார்த்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய். இதைக் கேட்டு மனசு விட்டுப்போனவர்கள் என் நண்பர்களில் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, கரடி கரடியாகவே போதுமான அதிசயம். அருணாசலில் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குரங்கினத்துக்கு 2005இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது, அதனால் ஊர்க்காரர் சொல்வதை உதறித் தள்ளவும் கூடாது.

போனில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் தட்டிவிடுவதற்கு முன் மூலக் கோப்பை வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள், வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் உள்ள விவரமும் போய்விடும். குரூப்பில் போடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2001இல் அது இல்லாமலேயே அந்தப் பாடு.

போன வருஷம் உத்தராகண்டில் துங்கநாத் கோவிலிலிருந்து சோப்டாவுக்கு இறங்கும்போது எங்களோடு வந்த ஒரு தம்பி, கடைசி வளைவில் எதையோ பார்த்துவிட்டு முகம் வெளுத்து நின்றான். இத்தனையும் தெரிந்த நான் அவசரத்தில் "குரங்கா பெருசா?" என்று கேட்டுவிட்டேன். டெல்லி காஷ்மீரி கேட் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது அது ஏழடிக் குரங்காகியிருந்தது. அவன் உண்மையில் கண்டதை இனி யாரும் எடுக்க முடியாது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்தோம். கீழே வந்ததும் டீக்கடைக்காரரிடம் எந்த வளைவு, எத்தனை மணி என்று சொன்னோம். அவர் அங்கேயே கடையை விட்டு எழுந்து போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டினார், விடியற்காலை புல்லறுக்க அந்த வழியாகத்தான் அந்த வீட்டுப் பெண்கள் போவார்களாம். நோட்டில் எதை எழுதாமல் விட்டாலும் இதை மட்டும் இருட்டுவதற்குள் செய்துவிடுங்கள்.