பழம்பொருள் சந்தையில் கவ்பாய் பொம்மைகளைத் தேடுவது எப்படி?

அமெரிக்காவில் 1950களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் திரையில் குதிரையேறி வந்த நாலு கவ்பாய் வீரர்கள் அத்துப்படி: ஹாப்பலாங் கேஸிடி, ராய் ராஜர்ஸ், ஜீன் ஆட்ரி, லோன் ரேஞ்சர். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துகொண்டிருந்த காலம் அது. டிபன் பெட்டி, பொட்டு வெடித் துப்பாக்கி, கைக்கடிகாரம் என்று எதை எடுத்தாலும் இவர்கள் முகம்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அவர்களின் பரண் காலியாகும்போது இதெல்லாம் சந்தைக்கு வருகிறது.

படி 1: குதிரைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர் போடாத பொம்மைகள் நிறைய உண்டு. குதிரையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பொன்னிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் என்றால் ராய் ராஜர்ஸின் டிரிகர். செம்பழுப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைப் பட்டை என்றால் ஜீன் ஆட்ரியின் சாம்பியன். வெள்ளைக் குதிரை இரண்டு பேருக்கு உண்டு. முகமூடி போட்டவர் லோன் ரேஞ்சர், குதிரை சில்வர். கறுப்பு உடையில் இருப்பவர் ஹாப்பலாங், குதிரை டாப்பர்.

படி 2: விடியற்காலையில் போங்கள்

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் போல் மைதானச் சந்தை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும். மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டில் மே, ஜூலை, செப்டம்பர் என வருஷத்துக்கு மூன்று முறை. சின்ன டார்ச், சிறு காந்தம், சில்லறை நோட்டுகள் மூன்றும் கையில் இருக்கட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருப்பதற்கு விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். மேசைக்கு அடியில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை முதலில் பாருங்கள்.

படி 3: டிபன் பெட்டியில் தொடங்குங்கள்

புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 1950இல் அலாடின் நிறுவனம் சிவப்பிலும் நீலத்திலும் தகரப் பெட்டி செய்து, முகப்பில் ஹாப்பலாங் படத்தை ஒட்டி விற்றது. அது சக்கைப்போடு போட்டது. 1953இல் அமெரிக்கன் தெர்மாஸ் நிறுவனம் ராய் ராஜர்ஸ் பெட்டியைப் பக்கமெல்லாம் வண்ணப்படமாக அச்சிட்டு இறக்கியது. அடுத்த வருஷமே அலாடினும் ஹாப்பலாங் பெட்டியை அப்படி மாற்றிவிட்டது. ஆகவே ஹாப்பலாங் பெட்டியில் படம் ஒட்டியதா, பெட்டி முழுக்க அச்சா என்று பார்த்தாலே காலம் தெரிந்துவிடும்.

பெட்டியைத் திறந்து மூலைகளில் டார்ச் அடியுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கீலும் கொக்கியும் ஆடுகிறதா பாருங்கள். உள்ளே பிளாஸ்க் இருந்தால் காதருகே வைத்து மெல்ல அசையுங்கள். சலசலவென்று சத்தம் வந்தால் உள் கண்ணாடி நொறுங்கிவிட்டது என்று அர்த்தம். மூடியும் கிண்ணமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், தொலைவது பெரும்பாலும் அவைதான்.

மூடியின் உள்பக்கம் ஒரு பிள்ளை தன் பெயரைக் கிறுக்கியிருந்தால் விலை குறையும். நான் அதைத்தான் தேடி வாங்குவேன். தினமும் பள்ளிக்குப் போய்வந்த பெட்டி என்பதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

படி 4: துப்பாக்கிக்குக் காந்தம்

பொட்டு வெடித் துப்பாக்கியில் காந்தத்தை வையுங்கள். கனமாக இருந்து காந்தமும் ஒட்டினால் வார்ப்பிரும்பு. அநேகமாக இரண்டாம் உலகப்போருக்கு முந்தையது, அல்லது போர் முடிந்த கையோடு வந்தது. கனமாக இருந்தும் ஒட்டாவிட்டால் துத்தநாகக் கலவை, 1950களில் அதுதான் வழக்கம். ஹப்ளி, கில்கோர், நிக்கல்ஸ் போன்ற தயாரிப்பாளர்களின் பெயர் பொறித்திருக்கிறதா தேடுங்கள். கைப்பிடியின் பிளாஸ்டிக்கில் திருகைச் சுற்றி விரிசல் விழும். பொட்டு வெடியைத் தட்டும் சுத்தியலை இழுத்துப் பாருங்கள், ஸ்பிரிங் உயிரோடு இருக்க வேண்டும்.

குழல் முனையையும் கவனியுங்கள். நிஜம்போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு நிற முனை வேண்டும் என்ற அமெரிக்க விதி 1989இல்தான் வந்தது. அந்த முனையை அறுத்தெடுத்த தடம் தெரிந்தால், பழசென்று யார் சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள்.

படி 5: அட்டைப்பெட்டி இருந்தால் முகவரியைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு 1963இல் வந்தது. முகவரியில் அது இருந்தால் பெட்டி அதற்கு முந்தையது அல்ல. பார்கோடு இருந்தாலோ 1970களுக்கு முன்னால் போகவே வாய்ப்பில்லை.

படி 6: பேரம்

குறையை மரியாதையாகக் காட்டிக் கேளுங்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்தால் விலை தானாக இறங்கும். மாலையில் கடை கட்டும் நேரத்தில் இன்னும் இறங்கும், ஆனால் நல்லது அதுவரை காத்திருக்காது.

படி 7: வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

உலர்ந்த மென்துணியால் தூசி தட்டினால் போதும். தேய்த்துப் பளபளப்பாக்கினால் பழைய வண்ணமும் கூடவே போய்விடும். அந்தக் காலத்துச் சாயத்தில் ஈயம் இருந்திருக்கலாம், அதனால் சின்னக் குழந்தைகள் விளையாடக் கொடுக்காதீர்கள். துப்பாக்கியைச் சந்தையிலிருந்தே பைக்குள் வைத்து எடுத்து வாருங்கள், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜம்தான். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் வைக்கவே வேண்டாம், ஏற்றி அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.